ஒரே மார்க் வாங்கிய இரண்டு கட்டிகள்

எங்கள் தொழிலில் நோயாளி வருவதில்லை. அவருடைய உடம்பிலிருந்து ஒரு துண்டு மட்டும் பாட்டிலில் வந்து சேரும். அதை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்னது, இனி இப்படி ஆகலாம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்தாலஜிஸ்ட். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் லேப், இடையிடையே அதன் சிதம்பரம் கிளை.

பயாப்சி ரிப்போர்ட்டுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் தெரிந்தவர்கள்தான். கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கும் பயம் உண்டு என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

ஆளைப் பார்க்காத டாக்டர்

மங்கலம்பேட்டையில் என் சித்தப்பா மகள் கல்யாணம். மண்டபத்து வாசலிலேயே சித்தப்பா என்னைப் பிடித்து நிறுத்தி, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க அண்ணன் பொண்ணு, டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்தனம் எடுத்துக்கொண்ட கையோடு நாலைந்து பேர் என்னிடம் நாடி பார்க்கக் கையை நீட்டிவிட்டார்கள். பிரஷர் மிஷின் இல்லையா, ஸ்டெதாஸ்கோப் காரில் இருக்கிறதா என்று விசாரணை. நான் அதைக் கடைசியாகத் தொட்டது படிக்கும்போது.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பா நேராகவே கேட்டார், நீ என்னதான் பார்க்கிறாய் என்று. இரைப்பைச் சுவரில் வளருகிற ஒரு கட்டியை உதாரணம் சொன்னேன். ஜிஸ்ட் என்று பெயர். வெட்டி எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அந்தச் செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா, செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று சாயம் போட்டுப் பார்ப்பேன். அதை வைத்து, கட்டி திரும்பி வர வாய்ப்பு எவ்வளவு, மாத்திரை வேலை செய்யுமா என்று எழுதுவேன். சித்தப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். நோயாளியை எப்போது பார்ப்பாய் என்றார். பார்க்க மாட்டேன் என்றேன். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஆளையே பாக்காம அந்த ஆளு எப்படி இருப்பான்னு எழுதிக் குடுக்குற. இது ஜோசியம்னு மொதல்லயே சொல்லக்கூடாதா பாப்பா, நான் டாக்டருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

ஊறுகாய் பாட்டில்

சிதம்பரம் கிளைக்கு ஒரு முற்பகல் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். குமராட்சிப் பக்கம். அவருடைய அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு அன்று காலைதான் ஒரு நர்சிங் ஹோமில் வயிற்று ஆபரேஷன் நடந்திருந்தது. கட்டியைப் போட்டு அனுப்ப ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எதிர்க்கடைக்கு ஓடி ஊறுகாய் பாட்டில் வாங்கி, ஊறுகாயைக் கொட்டி, கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவசரத்தில் அவர்களும் அதிலேயே போட்டு, சதை கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிவிட்டார்கள்.

உடம்பிலிருந்து எடுத்தவுடன் சதை மெத்தென்று இருக்கும். குறுகிய கழுத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஃபார்மலினில் ஊறினால் ரப்பர் மாதிரி விறைத்துக்கொள்ளும், அப்புறம் வெளியே வராது. மாங்காய் அளவுக் கட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தது. கத்தியால் குத்தி இழுத்தால் ஓரங்கள் கிழியும், ஓரம் கிழிந்தால் முழுசாக எடுத்தார்களா என்பதே தெரியாமல் போகும். கடைசியில், கடலூரிலிருந்து என்னோடு வந்திருந்த எங்கள் டெக்னீஷியன் மும்தாஜ் பாட்டிலைத் துண்டில் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்தாள். அறை முழுக்க ஃபார்மலினும் எலுமிச்சை ஊறுகாயும் கலந்த ஒரு நாற்றம். தட்டில் கிடந்ததைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார் அந்த மச்சான்காரர். கலியமூர்த்தி மினி பஸ் டிரைவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இம்மாம் பெருச வயித்துல வச்சிக்கிட்டா மாமா அந்தப் பள்ளத்துலயும் மேட்டுலயும் வண்டி ஓட்டுனாரு? வயித்துல வாயுன்னு சொன்னாரேம்மா, நாங்களும் பெருங்காயம் குடுத்துக்கிட்டு இருந்தமே."

மீன் ஐஸில் மருந்து

சாதாரணச் சாயத்தில் அது ஜிஸ்ட் போலத் தெரிந்தது. போல என்று ரிப்போர்ட் கொடுக்க முடியாது. புரதத்தைக் காட்டும் சாயம் போட வேண்டும். அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து ஒன்று குட்டி பாட்டிலில் வரும். புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும், இல்லாவிட்டால் ஆகாது. மருந்தை எப்போதும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அதற்குள் புயல் வந்துவிட்டது. கடலூருக்குப் புயல் புதிதில்லை. ஆனால் கம்பம் சாய்ந்து ஊரே இருட்டாகி, எங்கள் ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காமல் போனபோது மும்தாஜ் ஃபிரிட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து ஒருவர் வந்தார். முதுநகர் ஆரோக்கியசாமி சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொஞ்ச நாள் முன்பு கடலூரில் ஆபரேஷன் ஆகி, அவருடைய கட்டியும் எங்களிடம்தான் இருந்தது. அதுவும் இரைப்பை, அதுவும் ஜிஸ்ட் போல. ரிப்போர்ட் ஏன் தாமதம் என்று கேட்டார். சொன்னோம். கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார். சத்தம் போடாமல் போகிறாரே என்று எனக்கு வருத்தம்தான். மதியத்துக்குமேல் ஒரு தட்டு ரிக்‌ஷாவில் பெரிய தெர்மகோல் பெட்டியோடு திரும்பி வந்தார். துறைமுகத்தில் அவரிடம் படித்தவர் ஒருவர் மீனுக்கு ஐஸ் போடுகிறாராம். மருந்து ஐஸில் நேராகப் பட்டு உறைந்துவிடக்கூடாது என்று மும்தாஜ் பஞ்சு சுற்றி உள்ளே அடுக்கினாள். கரண்ட் வரும்வரை தினமும் ஐஸ் வந்தது. லேப்பே மீன் மார்க்கெட் மாதிரி நாறியது. மருந்து மட்டும் கெடவில்லை.

"எம் பேப்பரத் திருத்தப் போற பேனாவுக்கு நானே மை வாங்கிக் குடுத்திருக்கேன் மேடம், பாத்துப் போடுங்க."

பாசிட்டிவ்

கரண்ட் வந்து சாயம் போட்டதில் இரண்டு கட்டியும் நல்ல பழுப்பாக ஏறின. டிகாக்ஷன் கொட்டின மாதிரி. இரண்டு பேரையும் ஒரே நாளில் கடலூருக்கு வரச் சொன்னோம். கலியமூர்த்தியின் மனைவி ராணி கவுண்டரில் காகிதத்தை வாங்கினார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். வரிசையாக என்னென்னவோ எண்கள், அதற்கு நேரே பாசிட்டிவ், பாசிட்டிவ், பாசிட்டிவ். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொரோனா சமயத்தில் அவர் தெருவில் ஒரு வீட்டுக்குப் பாசிட்டிவ் என்று வந்து, வாசலில் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்தவர்.

நான் வெளியே ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பாசிட்டிவ் நல்லதும்மா, இந்தப் புரதம் இருந்தால்தான் அதை அடக்குகிற மாத்திரை வேலை செய்யும், இல்லையென்றால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன் என்றேன். அப்போ சீக்கு இல்லையா என்றார். சீக்கு இருக்கிறது, ஆனால் அதற்கு மாத்திரை இருக்கிறது என்றேன். நான் சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது. உங்கள் கையிலும் இப்படி ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு யாராவது இன்னொரு டோக்கனைக் கூப்பிடப் போயிருப்பார்கள். ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நல்லதுக்கும் பாசிட்டிவ், கெட்டதுக்கும் பாசிட்டிவ்னு எழுதுனா, நாங்க எதுக்கும்மா அழுவுறது?"

மார்க் ஷீட்

அதே நாள், அடுத்தடுத்த நாற்காலி. வாத்தியாரும் டிரைவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நான் ராணியிடம் பேசி முடித்துத் திரும்பினால், வாத்தியார் மடியில் இரண்டு ரிப்போர்ட்டும் கிடந்தன. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இடம், இரைப்பை. அளவு, கிட்டத்தட்ட ஒன்றே. பெருகும் வேகத்தைக் காட்டும் புரதத்தின் சதவீதம், ஒன்றே. முடிவு வரியும் ஒன்றே: திரும்பி வரும் அபாயம் அதிகம்.

"சதவீதம் கம்மியாதானே சார் இருக்கு, பெயிலா?" என்றார் டிரைவர் மூர்த்தி. "இந்தப் பரிச்சையில கம்மி மார்க்கு வாங்குறவன்தான்யா பாஸு. நம்ம ரெண்டு பேரும் கொஞ்சம் ஜாஸ்தி வாங்கிட்டோம்" என்றார் வாத்தியார். பிறகு என்னைப் பார்த்து, இவருக்கு என்ன நடக்குமோ அதுதான் எனக்கும் நடக்குமா என்று கேட்டார். இந்த எண் கூட்டத்துக்குச் சொல்வது சார், இதே எண் உள்ள நிறையப் பேரில் பாதிப் பேருக்குமேல் என்ன ஆச்சு என்று சொல்லும், தனி ஆளுக்குச் சொல்லாது என்றேன். கணக்கு வாத்தியார், உடனே புரிந்துகொண்டார். புரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மூர்த்திக்கு அதெல்லாம் வேண்டாம். தன்னோடு இன்னொருத்தர் இருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. எழுந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நீங்க முன்னாடி போங்க வாத்தியாரே, நான் பின்னாடியே வண்டிய ஓட்டிக்கிட்டு வர்றேன்."

சிவப்பாகிப்போன டிரைவர்

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும். சிலருக்குத் தோல் வெளுத்துக்கொண்டே போகும். மூர்த்தி நல்ல கருப்பு. சில மாதத்தில் கோதுமை நிறத்துக்கு வந்துவிட்டார். மினி பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் எல்லாம் என்ன க்ரீம் போடுறீங்க என்று கேட்கிறார்களாம். குமராட்சியில் அவருடைய பங்காளி ஒருவர், துபாய்க்குப் போனவனெல்லாம் கருத்துப்போய் வர்றான், நீ உள்ளூரிலேயே வெளுத்துட்டியே பங்காளி என்றாராம்.

இதையெல்லாம் அவர் எங்களிடம் வந்து சொல்லும்போது வாத்தியாரும் கூட இருப்பார். இருவரும் செக்கப்புக்கு ஒரே நாளில் தேதி வாங்கிக்கொள்வார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் டிபன் சாப்பிட்டுவிட்டு, மறுபடி எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வேலை ஒன்றும் இருக்காது, சும்மாதான். "வாத்தியாரே" என்று கூப்பிட்டது எப்போது "மச்சான்" ஆனது என்று எனக்குத் தெரியாது. வாத்தியார் அவரை "மூர்த்தி" என்றே கடைசிவரை கூப்பிட்டார். மும்தாஜ் ஒருநாள், ராணி அக்கா என்ன சொல்கிறார்கள் உங்கள் கலரைப் பார்த்து என்று மூர்த்தியைச் சீண்டினாள்.

"பொண்ணு பாக்கப் போனப்ப கருப்புன்னு மூஞ்சத் திருப்புனவ, இப்ப அந்தக் கலரே நல்லா இருந்துச்சுன்னு அழுவுறா."

போட்டாச்சா?

வாத்தியார் தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்தவுடன் மூர்த்திக்குப் போன் செய்வார். ஒரே கேள்விதான்: "போட்டாச்சா?" போட்டாச்சு மச்சான் என்று இவர் சொல்வார். அவர் வைத்துவிடுவார். வாத்தியார் ஒரு நாளும் தவறவிடாதவர். அவர் மனைவி மேரி டீச்சர், மணி அடிச்ச மாதிரி போடுவாரு என்று எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மூர்த்தியின் கதை வேறு. மாத்திரை போட்டால் குமட்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு, வாந்தியை அடக்க முடியாது. மறுநாள் முதல் ட்ரிப் என்றால் முந்தின நாள் மாத்திரையை விட்டுவிடுவார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து ஊருக்குள் தண்ணீர் நின்ற வாரம் முழுக்கப் போடவே இல்லை. ஒருநாள் வாத்தியார் டீ வாங்கப் போன இடைவெளியில் மூர்த்தி இதை என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டோடு போடுங்கள், டாக்டரிடம் சொன்னால் குமட்டலுக்கு வேறு மருந்து தருவார், விடக்கூடாது என்று சத்தமே போட்டேன். சரி சரி என்று தலையாட்டினார். சாரிடம் ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவரு கேக்குறப்ப இல்லன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது டாக்டரம்மா, வீட்டுப்பாடம் எழுதாதவன் மாதிரி ஆயிடுது."

ஈரலிலிருந்து வந்த நூல்

இரண்டாவது வருஷம் ஸ்கேனில் ஒருவருக்கு ஈரலில் புள்ளிகள் தெரிந்தன. ஊசி போட்டு எடுத்த நூல் போன்ற சதை எங்களுக்கு வந்தது. பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு மும்தாஜ் அதை என் மேஜையில் வைத்தாள். ஆரோக்கியசாமி.

உண்மையைச் சொல்கிறேன், பாட்டிலைப் பார்க்கும்வரை நான் மனதில் தயாராக வைத்திருந்தது வேறு பெயர். சாயம் போட்டோம். அதே பழுப்பு, அதே டிகாக்ஷன். பெருகும் வேகம் மட்டும் முன்பைவிடக் கூடியிருந்தது. ரிப்போர்ட் முதலில் அனுப்பிய டாக்டருக்குத்தான் போக வேண்டும், அவர்தான் சொல்ல வேண்டும். அதுதான் முறை, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்தால் இரண்டு பேரும் வழக்கமான நாற்காலியில். மூர்த்தி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் காலெடுத்து வைத்ததும் வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் ரிசப்ஷன் பக்கம் திரும்பி, ஏசியைக் குறைக்கச் சொன்னேன். அன்றைக்கு ஏசியே ஓடவில்லை. நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது யாராவது இப்படிச் சம்பந்தமில்லாமல் ஏதாவது செய்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். செய்திருப்பார்கள். வாத்தியார் எழுந்து, மூர்த்திக்குக் கேட்காதபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வருஷக் கணக்கா பரிச்சைப் பேப்பர் குடுத்திருக்கேன் மேடம். பெயிலான பையன் பேரக் கூப்பிடறப்ப எம் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு இப்பதான் பாக்குறேன்."

இரண்டு கண்ணாடி

அந்தச் சதையை வெளியூர் லேப்புக்கு அனுப்பிப் பார்த்ததில் மாத்திரை ஏன் வேலை செய்யாமல் போனது என்று தெரிந்தது. புரதம் இருக்கிறது, ஆனால் மாத்திரை போய் ஒட்டிக்கொள்கிற இடத்தில் அது உருமாறிவிட்டது. எங்கள் சாயம் புரதம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், அது எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லாது. இருப்பதற்கும் பழுப்பு, மாறிப்போனதற்கும் அதே பழுப்பு. முதல் கட்டியிலேயே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது, அது மாத்திரைக்குப் பிறகு வந்த மாற்றம். வேறு மாத்திரை கொடுத்தார்கள். அது உள்ளங்கையை உரித்தது. சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை என்று வாத்தியார் லீவு போட்டுவிட்டார்.

அந்த நாட்களில் ஒருமுறை மூர்த்தியோடு வந்து, என் கட்டியைக் காட்டுங்க மேடம் என்று கேட்டார். காட்டினேன். நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். பிறகு, இவனோடதும் இருக்கா என்றார். இன்னொருவருடையதைக் காட்டக்கூடாது சார் என்று இழுத்தேன். மூர்த்தி குறுக்கே வந்து, என்னோடதுதானேம்மா, நான் சொல்றேன், காட்டுங்க என்றார். எடுத்து வைத்தேன். முதல் ஆபரேஷனில் எடுத்த இரண்டு கட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வாத்தியார் பார்ப்பார், நகர்ந்து மூர்த்திக்கு இடம் கொடுப்பார். ஆற்றில் மீன்கள் கூட்டமாகத் திரும்புகிற மாதிரி நீளநீளச் செல்கள், இரண்டிலும் ஒரே பழுப்பு. பெயர்ச்சீட்டை மறைத்தால் எனக்கே தெரியாது. நானும் அதைத்தான் பல தடவை செய்து பார்த்திருந்தேன், ஏதாவது வித்தியாசத்தை விட்டுவிட்டேனோ என்று. வாத்தியார் நிமிர்ந்து, உரிந்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கிளாஸ்ல ரெண்டு பேரு இப்படி எழுதியிருந்தா, ஒருத்தன் காப்பி அடிச்சிருக்கான்னு ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருப்பேன்."

தனியாக வந்தவர்

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் போய்விட்டார். செய்தி எங்களுக்கு மேரி டீச்சர் மூலம்தான் வந்தது. நானும் மும்தாஜும் முதுநகர் மாதா கோயிலுக்குப் போனோம். ஒரு நோயாளியின் சாவுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரு நோயாளியின் ஈரலையும் இரைப்பையையும் தெரிந்து வைத்திருந்தவள், அவருக்கு இத்தனை மாணவர்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். மூர்த்தி கூட்டத்துக்குள் வராமல் கோயில் மதிலோரம் நின்றிருந்தார். பேசப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

கொஞ்ச நாள் கழித்துச் செக்கப்புக்குத் தனியாக வந்தார். ஸ்கேன் சுத்தம். ரத்தம் நன்றாக இருந்தது. நல்ல செய்தியைச் சொல்ல எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு, அதனால் நானே வெளியே வந்து சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். இப்போது ஒரு நாளும் மாத்திரையை விடுவதில்லையாம். சாப்பாடு முடிந்ததும் போன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வாராம். டாக்டரம்மா ஒன்று கேட்கவா என்றார். கேளுங்கள் என்றேன். நான் ஒரு மாதிரியாகத் தயாராகிக்கொண்டேன். உருமாற்றம், வாய்ப்பு, கூட்டத்துக்கான எண், தனி ஆளுக்கான எண், எல்லாமே நாக்கு நுனியில் இருந்தது. அவர் கேட்டபின் நான் அந்தக் காலி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். மும்தாஜ் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்குன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க. ஒழுங்கா போட்டவரு போயிட்டாரு, பொய் சொன்னவன் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். இதுக்கு எந்தச் சாயம் போட்டுப் பாப்பீங்க?"

எங்கள் தொழிலில் நாங்கள் எழுதிக் கொடுக்கும் பதில் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், வந்தவர் கேட்ட கேள்விதான் எப்போதும் வேறாக இருந்துவிடுகிறது.